திரை விழுந்த முகத்தில் எதைப் பார்க்கிறோம்?

"அந்தக் காலத்தில் நீங்கள் எவ்வளவு அழகாக இருந்திருப்பீர்கள்!" அறுபதைத் தாண்டியவர்களிடம் நல்ல மனதோடுதான் இதைச் சொல்கிறோம். கேட்பவரும் சிரித்துவைப்பார். ஆனால் அந்த வாக்கியத்தின் வினைமுற்றைக் கவனித்தால் சங்கடமாக இருக்கும். அழகு இருந்தது, போய்விட்டது என்கிறது அது. சொன்னவருக்கே உறைத்துவிட்டால் அவசர அவசரமாக ஒன்றைச் சேர்ப்பார்: "முகத்தில் என்ன இருக்கிறது? மனசு அழகாக இருந்தால் போதாதா?"

இந்த இரண்டாவது வாக்கியம் முதலாவதைவிட மோசம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஓட்டப் பந்தயத்தில் கடைசியாக வந்த பிள்ளையின் கையில் திணிக்கும் ஆறுதல் பரிசு போல 'மனசு அழகு' ஆகிவிடுகிறது. பார்க்க லட்சணமாக இருக்கும் இருபது வயதுக்காரரிடம் யாரும் இதைச் சொல்வதில்லை. முகத்தின் கணக்கில் இருப்பு குறைந்த பிறகுதான் மனதின் கணக்கைத் திறந்து காட்டுகிறோம்.

போதாததற்கு ஒரு பழமொழியும் கைவசம் இருக்கிறது: அகத்தின் அழகு முகத்தில் தெரியும். தெரியும் என்றால் யாருக்குத் தெரியும்? எவ்வளவு நேரத்தில் தெரியும்? கடந்த ஐம்பது, அறுபது ஆண்டுகளில் உளவியல் ஆய்வாளர்கள் இந்தக் கேள்வியைப் பல பக்கங்களிலிருந்து சோதித்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதைச் சேர்த்துவைத்துப் பார்த்தால், பழமொழியில் ஒரு சொல் விட்டுப்போயிருக்கிறது என்று தோன்றுகிறது. அகத்தின் அழகு முகத்தில் *பழகினால்* தெரியும். முக அழகைக் காணக் கண் இமைக்கும் நேரம் போதும். அக அழகைக் காண நாள்கணக்கு வேண்டும், சில சமயம் ஆண்டுக்கணக்கு வேண்டும். மூப்பைப் பற்றிய நம் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒரே பார்வையில் அளக்கப் பார்ப்பதால் வருவது.

தோலும் எலும்பும்

உடம்பின் கதையை முதலில் சொல்லிவிடலாம். தோலுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். வாலிபம் கடந்ததும் அது ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் என்ற அளவில் குறைந்துகொண்டே வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளிலேயே சுமார் 30 சதவீதம் வரை போய்விடுகிறது. கன்னத்துக்கு அடியில் மெத்தை போலிருக்கும் கொழுப்பு ஓரிடத்தில் வற்றும், ஓரிடத்தில் சரிந்து இறங்கும். பலரும் கணக்கில் எடுக்காதது எலும்பு. வயதாக ஆகக் கண்குழி அகலமாகிறது, தாடை எலும்பு சிறுக்கிறது. தோல் தளர்ந்து தொங்குகிறது என்று நாம் நினைக்கும்போது அதைத் தாங்கிய சட்டகமும் சுருங்கியிருக்கிறது. கூடாரத்தின் கம்பைக் குட்டையாக்கினால் துணி தொய்யத்தான் செய்யும். காது மட்டும் விடாமல் நீண்டுகொண்டே போகும். 1995இல் பிரிட்டன் மருத்துவர்கள் சிலர் தங்களிடம் வந்த நோயாளிகளின் காதுகளை அளந்து, ஆண்டுக்குச் சராசரியாக 0.22 மில்லிமீட்டர் என்று கணக்குச் சொன்னார்கள்.

இவற்றில் எதற்கும் நம் குணத்துக்கும் சம்பந்தமில்லை. 2012இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. 69 வயதுள்ள ஒருவர், 28 ஆண்டுகள் சரக்கு வண்டி ஓட்டியவர். ஓட்டுநர் இருக்கையின் பக்கத்து ஜன்னல் வழியே வெயில் அவருடைய இடது கன்னத்தில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. வண்டியின் பக்கக் கண்ணாடி, புற ஊதாக் கதிரில் ஏ வகையைப் பெருமளவு உள்ளே விட்டுவிடும். விளைவு, ஒரே முகத்தில் இரண்டு வயது: இடப்பக்கம் தோல் தடித்து ஆழமான வரிகளோடு தொங்குகிறது, வலப்பக்கம் ஓரளவு வழவழப்பாக இருக்கிறது. அவருடைய குணம் இடப்பக்கம் ஒன்றாகவும் வலப்பக்கம் வேறொன்றாகவுமா இருந்திருக்கும்? முகத்தின் வரிகளை வாழ்க்கைச் சரித்திரம் போலப் படிப்பவர்கள் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

ஒரு சிறிய விலக்கு உண்டு. நெற்றியிலும் கடைக்கண்ணிலும் விழும் வரிகள் பல, தசைகள் திரும்பத் திரும்ப மடங்குவதால் வருபவை. மனதார வரும் சிரிப்பில் உதட்டோடு சேர்ந்து கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும் என்று பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இலேயே எழுதினார். நிறையச் சிரித்தவரின் கடைக்கண்ணில் அந்தச் சிரிப்பு தங்கிவிடுவது உண்மைதான். ஆனால் வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு ஆயுள் முழுவதும் வேலை பார்த்தவருக்கும் அதே இடத்தில் அதே வரிகள்தான் விழும்.

திரை என்ற சொல்

தோலில் விழும் சுருக்கத்துக்குத் தமிழில் திரை என்று பெயர். நரை, திரை, மூப்பு என்று வரிசையாகச் சொல்வது நம் வழக்கம். கடலில் எழும் அலைக்கும் அதே சொல். எதிரே இருப்பதை மறைக்கத் தொங்கவிடும் துணிக்கும் அதே சொல். மூன்றையும் ஒரே சொல்லில் வைத்ததில், ஆய்வுக்கூடத்தில் பின்னால் கண்டுபிடிக்கப்பட்ட ஒன்று இருக்கிறது.

உர்சுலா ஹெஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. இளைய முகமும் முதிய முகமும் அதே உணர்ச்சியைக் காட்டும்போது பார்ப்பவர்களுக்கு முதிய முகத்தின் உணர்ச்சி அவ்வளவு தெளிவாகப் பிடிபடுவதில்லை. வாயோரம் கீழ்நோக்கி விழுந்த மடிப்பு, சும்மா இருக்கும் முகத்துக்கே ஒரு சோகத்தைப் பூசிவிடுகிறது. புருவத்துக்கு நடுவே பதிந்த கோடு கோபம் போலத் தெரிகிறது. ஒன்றும் நினைக்காமல் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் "ஏன் ஒரு மாதிரி இருக்கிறீர்கள்? என்ன கோபம்?" என்று கேட்டு, அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தவறு அவருடையதும் அல்ல, முழுக்க நம்முடையதும் அல்ல. திரை நடுவே விழுந்திருக்கிறது.

பழமொழிக்குச் சாதகமாகவும் ஓர் ஆய்வு இருக்கிறது. கரோல் மலடெஸ்டாவும் இன்னும் சிலரும் 1987இல் செய்தது. முதியவர்களை வெவ்வேறு உணர்ச்சிகளை முகத்தில் காட்டச் சொல்லி, அவற்றை அடையாளம் காணும்படி மற்றவர்களிடம் கொடுத்தார்கள். பார்த்தவர்கள் நிறையத் தவறு செய்தார்கள். ஆனால் அந்தத் தவறுகளில் ஓர் ஒழுங்கு இருந்தது. இயல்பிலேயே கோபம் மிகுந்தவரின் முகத்தில் கோபம் இல்லாதபோதும் கோபம் தெரிந்தது. ஆண்டுக்கணக்காகப் பழகிய உணர்ச்சி முகத்தில் கொஞ்சம் படிந்துதான்போகிறது. ஆக, பழமொழியில் உண்மையே இல்லை என்றும் சொல்வதற்கில்லை.

ஆனாலும் அதை நம்பித் தீர்ப்பெழுதுவது எவ்வளவு ஆபத்து என்பதற்குப் பார்க்கின்சன் நோயாளிகளே சாட்சி. அந்த நோயில் முகத் தசைகளின் அசைவு குறைந்து, முகம் முகமூடி மாதிரி உறைந்துவிடுகிறது. உள்ளே நகைச்சுவையும் அன்பும் கரிசனமும் அப்படியே இருக்கும். எதிரே இருப்பவருக்கோ இவர் எதிலும் ஒட்டாதவர், பேசப் பிடிக்காதவர் என்றே தோன்றும். பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர்களும் இதில் ஏமாறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அவரோடு தினமும் இருக்கும் மனைவியோ மகனோ ஏமாறுவது குறைவு. குரலின் ஏற்ற இறக்கத்தில், விரல் அசைவில், பேச்சில் அவர் தேர்ந்தெடுக்கும் சொல்லில் அந்த ஆளை அவர்கள் கண்டுகொள்கிறார்கள்.

பத்தில் ஒரு நொடி

முதல் பார்வை எப்படி வேலை செய்கிறது? 2006இல் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடரோவ் இருவரும் அறிமுகமில்லாத முகங்களை மிகக் குறைந்த நேரம் காட்டி, இவர் நம்பத்தகுந்தவரா, திறமைசாலியா, கவர்ச்சியானவரா என்று கேட்டார்கள். பத்தில் ஒரு நொடியில் சொன்ன பதிலும் நேரக் கட்டுப்பாடில்லாமல் பார்த்துச் சொன்ன பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போயின. கூடுதல் நேரம் கொடுத்தபோது முக்கியமாகக் கூடியது, தங்கள் முடிவின் மேல் இருந்த உறுதி. படத்தையே இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்தால் அகம் தெரியும் என்பதற்கு இங்கே இடமில்லை. நாம் சொன்னதுதான் சரி என்ற நினைப்புதான் வளரும்.

அந்தப் பத்தில் ஒரு நொடியில் அழகு எல்லாவற்றுக்கும் முந்திக்கொள்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் 1920இல் ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டுக்கு நல்ல மதிப்பெண் வாங்கியவர் அறிவுக்கும் தலைமைப் பண்புக்கும் குணத்துக்கும் சேர்த்தே வாங்கியிருந்தார். ஒரு நல்ல அம்சத்தின் வெளிச்சம் மற்ற எல்லாவற்றின் மேலும் விழுவதால் இதற்கு ஒளிவட்ட விளைவு என்று பெயர். 1972இல் கேரன் டயன், எலன் பெர்ஷைட், எலைன் வால்ஸ்டர் மூவரும் வெறும் புகைப்படங்களை வைத்து இதையே காட்டினார்கள். அழகானவர்கள் நல்ல குணமுள்ளவர்கள், நல்ல வேலையில் இருப்பார்கள், மகிழ்ச்சியான இல்வாழ்க்கை வாழ்வார்கள் என்று பார்த்தவர்கள் தாங்களாகவே நினைத்துக்கொண்டார்கள்.

மூப்பின் வலி பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. இளமையில் அழகாக இருந்தவர்களுக்கு உலகம் காரணமில்லாமலே இணக்கமாக இருந்திருக்கும். பேச ஆரம்பித்தால் சுற்றியிருப்பவர்கள் திரும்பிப் பார்த்திருப்பார்கள், தவறு செய்தால் சுலபமாக மன்னித்திருப்பார்கள். அது முகத்துக்குக் கிடைத்த சலுகை என்று அவர்களுக்கு அப்போது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. நாற்பதுக்கு மேல் அந்தச் சலுகை ஓசைப்படாமல் விலகும்போது, தானே ஏதோ குறைந்துபோனதாகத் தோன்றுகிறது. 'யார் கண்ணிலும் படாமல் போய்விட்டேன்' என்று நடுவயதுப் பெண்கள் பலர் சொல்வது கற்பனையல்ல. இதே நரை ஆணுக்கு வந்தால் கம்பீரம், பெண்ணுக்கு வந்தால் 'தன்னைக் கவனித்துக்கொள்ளவில்லை' என்ற பேச்சு. இந்த இரட்டை அளவுகோலை அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1972இலேயே ஒரு கட்டுரையில் போட்டு உடைத்தார். அரை நூற்றாண்டு ஆகியும் அதில் பெரிதாக ஒன்றும் பழசாகிவிடவில்லை.

பழகியவர் கண்

இப்போது எதிர்ப்பக்கம். முகத்தைப் பார்த்துக் குணத்தைக் கற்பித்துக்கொள்கிறோம் என்றால், குணம் தெரிந்த பிறகு முகம் வேறாகத் தெரியுமா?

தெரியும் என்பதுதான் கெவின் நிஃபினும் டேவிட் ஸ்லோன் வில்சனும் 2004இல் கண்டது. ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வந்து, உண்மையில் ஒன்றாக வாழ்ந்த, வேலை செய்த மனிதர்களிடம் போனார்கள். பல ஆண்டுகளுக்கு முன் ஒன்றாகப் படித்தவர்களிடம் பள்ளி ஆண்டு மலரிலிருந்த படங்களைக் கொடுத்து, தோற்றத்துக்கு மட்டும் மதிப்பெண் போடச் சொன்னார்கள். அதே படங்களை அந்தப் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத, ஏறக்குறைய அதே வயதினரிடமும் கொடுத்தார்கள். இரண்டு மதிப்பெண்களும் ஒத்துப்போகவில்லை. உடன் படித்தவர்களின் மதிப்பெண்ணில் அந்த ஆளைப் பிடிக்குமா, அவர் மேல் மதிப்பு உண்டா என்பது நன்றாகக் கலந்திருந்தது. முகத்தை மட்டும் பாருங்கள் என்று சொன்ன பிறகும் அவர்களால் முகத்தை மட்டும் பார்க்க முடியவில்லை.

ஒரு படகோட்டும் அணியிலும் இதே கதை. வேலைக்குச் சுணங்கும் ஒருவரைச் சக வீரர்கள் அவலட்சணமாகக் கண்டார்கள், அணிக்காக உயிரைக் கொடுத்து உழைத்தவரை அழகாகக் கண்டார்கள். வெளியாட்களுக்கு இருவரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரிந்தார்கள். மூன்றாவது, ஆறு வாரத் தொல்லியல் களப் பயிற்சி. முதல் நாள் ஒருவரையொருவர் மதிப்பிட்டவர்கள், கடைசி நாளில் மறுபடியும் மதிப்பிட்டார்கள். மண்ணைத் தோண்டிச் சலித்து, ஒன்றாகச் சாப்பிட்டுக் கழித்த ஆறு வாரத்தில் மதிப்பெண்கள் இடம்மாறிவிட்டன. முகங்கள் அப்படியேதான் இருந்தன.

பிடித்தவர்களுக்குச் சலுகை காட்டியிருப்பார்கள், அவ்வளவுதானே என்று கேட்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் நம் ஒவ்வொருவர் அனுபவத்திலும் இதற்குப் பதில் இருக்கிறது. முதல் நாள் சுமாராகத் தெரிந்த ஒரு முகம், பழகிய பிறகு எப்படிச் சுமாராகத் தெரிந்தது என்பதே நினைவுக்கு வராது. பழைய கண்ணை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ள முடியாது. அதேபோல, பார்த்த கணத்தில் அசத்திய ஒருவர் வேலைக்காரரிடம் எரிந்து விழுவதைக் கேட்ட பிறகு அந்த மூக்கும் முழியும் அதே இடத்தில் இருந்தும் முகத்தில் களை இருப்பதில்லை. களை என்ற இந்தச் சொல்லை நாம் சரியாகத்தான் பிடித்துவைத்திருக்கிறோம். அழகு வேறு, லட்சணம் வேறு, களை வேறு. அழகில்லாத முகத்தில் களை இருக்கலாம். அளவெடுத்துச் செதுக்கிய முகம் களையற்று இருக்கலாம். களைக்கு வயது வரம்பு சொல்லி நான் கேட்டதில்லை.

இணையர்களைப் பற்றிய ஓர் ஆய்வும் இங்கே வருகிறது. லூசி ஹண்ட், பால் ஈஸ்ட்விக், இலை ஃபிங்கல் மூவரும் 2015இல் 167 ஜோடிகளைப் பார்த்தார்கள். அறிமுகமான சில நாட்களிலேயே காதலில் விழுந்த ஜோடிகளில் இருவரின் தோற்றமும் ஏறக்குறைய ஒரே தரத்தில் இருந்தது. நெடுநாள் நண்பர்களாக இருந்து பிறகு காதலித்தவர்களிடம் அந்தப் பொருத்தம் வெகுவாகக் குறைந்திருந்தது. முதலில் சந்தித்தபோது எல்லோர் கண்ணுக்கும் பொதுவாக இருந்த அழகுக் கணக்கு, பழகப் பழக அவரவர் சொந்தக் கணக்காக மாறுகிறது. "அவளிடம் இவன் என்னத்தைக் கண்டான்?" என்று ஊர் வியக்கும்போது, ஊர் முதல் நாள் கணக்கில் நின்றுகொண்டு கேட்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு நம்பிக்கையை மட்டும் கழித்துவிட வேண்டும். நெடுங்காலம் சேர்ந்து வாழும் கணவன் மனைவி முகங்கள் ஒன்றுபோல ஆகிவிடும் என்பார்கள். 1987இல் வந்த சிறிய ஆய்வொன்று அதை ஆதரித்தது, உளவியல் வகுப்புகளிலும் புகுந்துவிட்டது. 2020இல் மிகப் பெரிய படத்தொகுப்பை வைத்துச் சோதித்தபோது அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஓரளவு ஒத்த முகமுள்ளவர்களே இணைகிறார்கள், ஆண்டுகள் போவதால் ஒற்றுமை கூடுவதில்லை. மாறுவது பார்க்கும் கண்.

முதுமையும் முதிர்ச்சியும்

அக அழகு வயதோடு தானாக வந்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. முதுமை, முதிர்ச்சி இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். ஆனால் முன்னது எல்லோருக்கும் வருகிறது, பின்னது அப்படியில்லை.

ஆளுமை மாற்றங்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த 92 ஆய்வுக் குழுக்களின் தரவை பிரெண்ட் ராபர்ட்சும் மற்றவர்களும் 2006இல் தொகுத்தார்கள். சராசரியாகப் பார்த்தால் வயது ஏற ஏற மனிதர்களிடம் பொறுப்பும் இணக்கமும் கூடுகின்றன, மனத் தடுமாற்றம் குறைகிறது. இது நல்ல செய்தி. சராசரி என்பதுதான் சிக்கல். பெர்லினில் பால் பால்டெஸ், உர்சுலா ஸ்டௌடிங்கர் ஆகியோர் ஞானத்தை அளக்க முயன்ற ஆய்வுகளில், இருபதுகளின் நடுவிலிருந்து எழுபத்தைந்து வரை வயது கூடியதால் மட்டும் ஞானம் கூடவில்லை. சிக்கலான வாழ்க்கை அனுபவமும், அதை எண்ணிப் பார்க்கும் பழக்கமும், பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்க்கும் மனமும் சேர்ந்தவர்களிடமே அது தெரிந்தது. எழுபது வயதில் கசந்துபோனவர்களும் உண்டு, முப்பதில் கனிந்தவர்களும் உண்டு.

எனக்கு உறுத்தலாக இருக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக அழகு என்ற பேச்சு, முதியவர்கள் மேல் ஏற்றும் புதிய சுமையாக மாறிவிடுவது. முகப் பொலிவு போய்விட்டதா, சரி, இனிப் பொறுமையும் புன்னகையும் காட்டுங்கள் என்கிறோம். மூட்டு வலியோடு இரவெல்லாம் தூங்காத ஒருவர் காலையில் சிடுசிடுத்தால் "வயதாகியும் பக்குவம் வரவில்லை" என்கிறோம். எரிச்சல்படும் உரிமை இளையவர்களுக்கு மட்டும்தானா? எல்லோரையும் அரவணைத்துக்கொண்டு எதையும் கேட்காமல் இருப்பதுதான் முதுமையின் அழகு என்றால், அது அழகைப் பற்றிய பேச்சல்ல, சுற்றியிருப்பவர்களின் வசதியைப் பற்றிய பேச்சு. கூர்மையான நாக்கும் வளையாத முதுகெலும்புமுள்ள பெரியவர்கள் சிலரிடம் நான் கண்ட அழகு, சாந்த சொரூபிகளிடம் கண்டதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

தலைக்குச் சாயம் பூசுவதையும் முகச் சுருக்கத்துக்கு ஊசி போட்டுக்கொள்வதையும் இதே கோலால் அடிப்பவர்கள் உண்டு. அகம் அழகாக இருந்தால் சாயம் எதற்கு என்று கேட்பார்கள். சீப்பெடுத்துத் தலை வாரிக்கொள்வதைப் பற்றி அப்படிக் கேட்பதில்லை. தன்னைப் பார்த்தால் தனக்குப் பிடிக்க வேண்டும் என்ற ஆசைக்கும் அகத்துக்கும் பகையில்லை. சாயம் பூசாமல் வெளியே தலை காட்ட முடியாத நிலை வேறு, அதைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். அந்த நிலையை உண்டாக்கியதில் பூசிக்கொள்பவரின் பங்கு மிகக் குறைவு.

கண்ணாடியில் யார்?

மற்றவர்கள் பார்வை ஒருபுறமிருக்க, நம் முகமே நமக்கு அந்நியமாவது ஏன்? டேவிட் ரூபினும் டோர்த் பெர்ன்ட்சனும் 2006இல் டென்மார்க் மக்களிடம், உங்களுக்கு எத்தனை வயது போல உணர்கிறீர்கள் என்று கேட்டார்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் தங்கள் உண்மையான வயதைவிடச் சராசரியாக 20 சதவீதம் குறைத்துச் சொன்னார்கள். அறுபது வயதுக்காரருக்குள் நாற்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கண்ணாடி முன் நிற்கும்போது இருவரும் சந்தித்துக்கொள்கிறார்கள்.

புகைப்படம் இதைவிடக் கொடுமை. 1977இல் வந்த ஓர் ஆய்வில், ஒருவரின் முகத்தை நேராகவும் கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாற்றியும் அச்சிட்டுக் காட்டினார்கள். நண்பர்கள் நேர்ப் படத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், படத்துக்கு உரியவர் கண்ணாடிப் படத்தைத் தேர்ந்தெடுத்தார். அவரவருக்குப் பழகிய முகம் அவரவருக்குப் பிடிக்கிறது. புகைப்படத்தில் நமக்கு நாமே கோணலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். அதில் வயதும் கூடித் தெரியும்போது, படத்தை எடுத்தவர் மேல் கோபம் வருகிறது. அந்தப் படத்தைப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று நண்பர் சொன்னால் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அவர் தினமும் பார்க்கும் முகம் அதுதான்.

தன் மூப்பைத் தானே எப்படிப் பார்க்கிறோம் என்பது முகத்தோடு நின்றுவிடுவதில்லை. பெக்கா லெவியும் சகாக்களும் 2002இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் ஒஹாயோவில் 50 வயது கடந்த 660 பேரைப் பற்றியது. தங்கள் முதுமையைப் பற்றி நல்லெண்ணம் வைத்திருந்தவர்கள், மற்றவர்களைவிடச் சராசரியாக 7.5 ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தார்கள். உடல்நிலை, வருமானம், தனிமை போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. நல்லெண்ணமே ஆயுளைக் கூட்டிவிட்டது என்று சொல்லிவிட இது போதாது. வயதை வைத்து ஆளை மட்டம் தட்டும் பழக்கத்துக்கு ராபர்ட் பட்லர் என்ற மருத்துவர் 1969இல் ஒரு தனிப் பெயரே வைத்தார். அந்தப் பழக்கம் இளமையிலேயே நமக்குள் புகுந்துவிடுகிறது. அடுத்தவரைக் கிழம் என்று எள்ளியவருக்கு ஒருநாள் அந்தச் சொல் திரும்பி வருகிறது. பழந்தமிழில் கிழமை என்றால் உரிமை, கிழவன் என்றால் உரியவன், தலைவன். இருபது வயதுக் காதலனுக்கும் அந்தப் பெயர்தான். உரிமைக்குரிய சொல் வசைச் சொல்லானது எப்போது என்று யாராவது விரிவாக எழுதலாம்.

பள்ளியில் உடன் படித்த ஒருவரை நாற்பது ஆண்டுகள் கழித்துச் சந்திப்பதை நினைத்துப் பாருங்கள். கதவைத் திறந்ததும் ஒரு முதியவர் நிற்கிறார். ஒரு கணம் ஆள் தெரியவில்லை. வலிந்து சிரிக்கிறோம். 'எப்படி ஆகிவிட்டார்' என்று மனதுக்குள் ஓடுகிறது. உட்கார்ந்து பேச ஆரம்பித்ததும் ஏதோ ஒரு பழைய கதைக்கு அவர் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறார். அந்தச் சாய்ப்பு வகுப்பறையின் மூன்றாவது வரிசையில் இருந்தது. அதற்குப் பிறகு அந்த வழுக்கையும் தொங்கிய கன்னமும் எங்கே போகின்றன என்று தெரிவதில்லை. அரை மணி நேரத்தில் எதிரே இருப்பவர் அவரேதான், வேறு யாரும் இல்லை. விடைபெறும்போது வாசல் பக்கம் மாட்டியிருக்கும் கண்ணாடியில் அவருக்கு அருகே இன்னொரு முதியவர் தெரிகிறார். அது யாரென்று அரை நொடி தடுமாறிய பிறகுதான், இவ்வளவு நேரம் இந்த முகத்தோடுதான் அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பது உறைக்கிறது.